அம்மாவின் அறைக்கு ஒரு வயர்

புதிய ரவுட்டர் வந்துவிட்டால் பழையதை எறிந்துவிட வேண்டும் என்றில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாமல் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். உயிருள்ள பெட்டி ஒன்றைக் குப்பையில் போட எங்களுக்குக் கை வராது.

ஜெர்மனியில், எசன் நகரில், பழைய அடுக்குமாடியொன்றின் நான்காம் மாடியில் இருக்கிறோம். இணைய இணைப்பு வருவது வாசலோரம், சப்பாத்துக் கழற்றும் இடத்தில். அம்மாவின் அறை மறு அந்தத்தில். இடையில் இரண்டு கொங்கிரீட் சுவர்கள். உள்ளே கம்பி வைத்த கொங்கிரீட் வைஃபை அலையைக் குடித்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை ஓரளவு தப்பிப் போகும். வேகமான 5 கிகாஹேர்ட்ஸ் அலை அதைவிட நலிந்துபோகும். புதிய பெட்டி எவ்வளவு கெட்டிக்காரன் என்றாலும் அம்மாவுக்கு அதனால் பிரயோசனமில்லை.

கொடிகாமத்தில் தனியே இருக்கும் சின்னம்மாவோடு அம்மா நாள்தோறும் வட்ஸ்அப்பில் கதைப்பார். குளிர்காலத்தில் இங்கே பின்னேரம் நான்கு மணியென்றால் அங்கே இரவு எட்டரை. அறையிலிருந்து எடுத்தால் சின்னம்மாவின் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நிற்கும். "கேக்குதோடி? கேக்குதோ?" என்று கூப்பிட்டுக் களைத்து, அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வந்து இருப்பார். அந்த வழியாகத்தான் பிள்ளைகள் போவார்கள். வேலையால் வரும் மனைவி அங்கேதான் கோட்டைக் கழற்றுவாள். ஆகையால் அம்மாவின் கதை மழை, மரக்கறி விலை, கால் உளைவு என்ற அளவில் நின்றது. ஒருநாள் சின்னம்மா அழுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அம்மா, "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார். முன்பு கார்ட் வாங்கி ஊருக்குக் கதைத்த தெருவோரத் தொலைபேசிக் கூண்டுகளில் பலவற்றுக்குக் கதவாவது இருந்தது.

வேலை பெரிதல்ல. பழைய ரவுட்டரை முதலில் தனியே கணினியில் கொழுவி, அதன் எண்ணை மாற்றவேண்டும். புதியது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. அடுத்தது முக்கியம்: அதன் டிஎச்சிபியை நிறுத்திவிடவேண்டும். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுத்துப் பதிகிற விதானையார் வேலை அது. ஒரு கிராமத்துக்கு இரண்டு விதானைமார் இருந்து ஆளுக்கொரு பதிவு வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு புதியதின் லான் துளையிலிருந்து பழையதின் லான் துளைக்கு வயர். நிறம் வேறாகத் தனியே இருக்கும் வான் துளையில் செருகக்கூடாது. இந்த வயர் நூறு மீற்றர் வரை தாங்கும். எங்களுக்குப் பதினைந்து போதுமாயிருந்தது. சின்னவள் தரையில் படுத்து, சுவரோரமாகக் கிளிப் அடித்தாள். இரண்டு பெட்டிக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல். 2.4இல் ஒன்றோடொன்று முட்டாத அலைவரிசைகள் 1, 6, 11 என்பதால் புதியதற்கு 1, பழையதற்கு 11. பழையது டபிள்யூபிஏ2 பூட்டாவது போடக்கூடியதாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அதற்கு ஓய்வு கொடுப்பதே நல்லது.

ஒரு தொல்லை உண்டு. அம்மாவின் கைபேசி அறைக்குள் வந்த பிறகும் சிலவேளை தூரத்துப் பெட்டியையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபையை ஒருமுறை நிறுத்திப் போட்டால் பக்கத்திலிருப்பதைக் கண்டுகொள்ளும். அதை அம்மா இரண்டு நாளில் பழகிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அம்மா ஸ்டூலைத் தேடவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஒன்றரை மணித்தியாலம். வெளியே குரல்தான் வந்தது, சொல் ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"என்ன எல்லாரும் பாக்கிறியள்? ஆரும் தேத்தண்ணி வைக்கேல்லையே?"