கொண்டைக்குருவியும் குன்றுச் சின்னானும்

சிங்கவரம்

அன்புள்ள யாழினி,

ஹூஸ்டனில் உன் வீட்டுத் தோட்டத்துக்கு வருவது நம்மூர்க் கொண்டைக்குருவிதான். கறுத்த தலை, சின்னக் கொண்டை, செதில் செதிலான பழுப்பு உடம்பு, வாலடியில் சிவப்பு, பறக்கும்போது பின்புறத்தில் பளிச்சிடும் வெள்ளை என எல்லாமே பொருந்துகின்றன. அதை அங்கே அந்நியப் பறவை என்கிறார்கள், அப்படியானால் நாமும் அந்நியர்தானா என்று கேட்டிருக்கிறாய். இல்லையம்மா. ஆனால் பறவையைப் பற்றி அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1903 வாக்கில் ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன நம் நாட்டவரோடு அது போனதாகச் சொல்வார்கள். பிறகு டோங்கா, சமோவா, ஹவாய் என்று பரவியது. ஹூஸ்டனில் 1950களிலிருந்தே இருக்கிறது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இதற்கும் நம் மைனாவுக்கும் இடமுண்டு. இங்கே அது சூரை, காரைப் பழங்களைத் தின்று பாறை இடுக்கெல்லாம் விதைக்கிறது. அங்கேயும் அதே வேலைதான், ஆனால் அந்த மண்ணுக்கு ஒவ்வாத செடிகளின் விதையும் அதன் வயிற்றில் போகிறது. குணம் மாறவில்லை, மண்தான் மாறியது.

எங்கும் பிழைக்கத் தெரிந்ததைக் குற்றமாக்கலாமா என்று நீ கேட்கலாம். குற்றமில்லை, ஆனால் அதுவே பெருமையும் ஆகிவிடாது. நம் செஞ்சிக் குன்றுகளில் கொண்டைக்குருவியின் உறவான மஞ்சள் தொண்டைச் சின்னான் வாழ்கிறது. உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளையும் அவற்றின் முட்புதர்களையும் விட்டால் அதற்கு உலகில் வேறு இடமில்லை. கல்குவாரி ஒரு குன்றைத் தின்றால் கொண்டைக்குருவி தோட்டத்துக்கு வந்துவிடும், இது எங்கே போகும்? 2025இல் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மதிலுக்குக் கிடைத்த மதிப்பு அதைச் சுற்றியுள்ள புதருக்கும் கிடைக்க வேண்டும் என்பேன். ஓர் ஊரின் அருமையை அதை விட்டால் போக்கிடமில்லாத உயிர்களை வைத்தே அளக்க வேண்டும்.

ஆனால் பறவையை அந்நியம் என்கிற நியாயம் உனக்குப் பொருந்தாது. தான் எதை விதைக்கிறோம் என்று குருவிக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். டெக்சஸின் மாநிலப் பறவையான மாக்கிங்பேர்டுக்குப் பிடித்த பியூட்டிபெரிப் புதர் அந்த மண்ணிலேயே விளைவது. அதை உன் தோட்டத்தில் நட்டு வை. அந்த மண்ணின் உயிர்களுக்கு உதவியாய் வாழ்கிறவளை அந்நியர் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

அன்புடன்,
பெரியப்பா