ஈரம் போகும்வரை

ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. தை மாதத்தில் மரம் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும். பிறகு துளிர்க்கும்போது, மூன்று இலைகள் ஒரே காம்பில் சேரும் இடத்தில் இருக்கும் சின்னஞ்சிறு சுரப்பிகள் கசியத் தொடங்கும். குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு அந்தக் கசிவுதான். அருமனைக்கும் குலசேகரத்துக்கும் நடுவே ஒரு தோட்டத்தில், தேன் பெட்டிகளுக்கு மத்தியில் நின்றுகொண்டு, ஒரு கொம்பை வளைத்து அதைக் காட்டினார் பெட்டிகளின் சொந்தக்காரர். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டியிருந்தது.

"தண்ணிதான் அது. தேனாக்குகது இதுவளுக்க வேலை" என்று பெட்டிகளைப் பார்த்துக் கைகாட்டினார்.

அன்று முழுக்க நான் பார்த்தது அந்த வேலையின் தொடர்ச்சியைத்தான். தேனீ கூட்டுக்குள் சிறகடித்து ஈரத்தை ஓட்டுகிறது. அது விட்ட இடத்திலிருந்து மனிதர்கள் ஓட்டுகிறார்கள். தேனில் செய்யும் எந்தப் பண்டமானாலும், எந்தக் கைமருந்தானாலும், நீரைக் கவனிக்கத் தெரிந்தவர் கையில்தான் அது கெடாமல் நிற்கும்.

இந்தப் பக்கத்துப் பெட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1911 முதல் 1917 வரை நம் நாட்டுத் தேனீயின் உடம்புக்கும் கூட்டத்தின் அளவுக்கும் ஏற்றபடி சிறிய பெட்டி ஒன்றை உருவாக்கினார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அன்று இது திருவிதாங்கூர். ஒரு நூற்றாண்டாகியும் கீழே புழு வளரும் அடையறை, மேலே தேனறை என்ற அந்த அமைப்பு மாறவில்லை.

புகைப்பானில் தேங்காய்ச் சவுரியைக் கனியவிட்டு, மேல் அறையைத் திறந்து, ஒரு சட்டத்தைத் தூக்கிப் பார்த்தார். பாதிக் கண்ணறைகள் திறந்து கிடந்தன, உள்ளே தேன் பளபளத்தது. அப்படியே திரும்ப வைத்துவிட்டார். அடுத்த சட்டத்தில் முக்கால் பங்குக்கு மேல் வெள்ளை மெழுகு மூடி போட்டிருந்தது. அதை மட்டும் எடுத்தார். ஈரம் போதுமான அளவுக்கு வற்றியபிறகே தேனீ மூடி போடும். திறந்த தேனையும் சேர்த்து எடுத்தால் எடை கூடும், பணம் முன்னதாக வரும், ஆனால் சில வாரங்களில் புளிக்கும். நல்ல வருசத்தில் பெட்டிக்குப் பத்து கிலோவைத் தாண்டும் என்றார். மழை மாதங்களில் கூட்டம் பட்டினி கிடக்காமலிருக்கச் சீனிப்பாகு வைப்பதையும் அவர் மறைக்கவில்லை. பருவம் தொடங்கும் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும் என்பதில் கண்டிப்பானவர்.

1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் குமரியிலும் நாட்டுத் தேனீக் கூட்டங்களை ஏறக்குறைய துடைத்தெடுத்தது. புழு நீர் கோத்த பையாக உப்பிச் செத்துப்போகும். அப்போது இளைஞராக இருந்த அவர், அப்பாவின் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியானதைப் பார்த்திருக்கிறார். நோயைத் தாங்கி மிஞ்சிய சில கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் இன்றைய பெட்டிகள் வந்தன. அதைச் சொல்லும்போது அவர் பேச்சு நின்று நின்று வந்தது. நான் மேலே கேட்கவில்லை.

வீட்டில் வேலை அவர் மனைவியுடையது. அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் கூட இருந்தார்கள். இந்த மண்ணில் காற்றே ஈரம். மூடி போட்ட தேனில்கூட நீர் கொஞ்சம் மிஞ்சும். சந்தைத் தேனில் ஈரம் நூற்றுக்கு 20-ஐத் தாண்டக் கூடாது என்பது பொதுவான தர எல்லை. அதனால் அகலமான பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் தேன் பாத்திரத்தை இறக்கி, இளஞ்சூட்டில் வைத்துக் கிளறுகிறார்கள். நேரடியாகத் தீயில் வைப்பதே இல்லை. சூடு மிஞ்சினால் நிறம் கறுக்கும், மணம் போகும், தேனீ சேர்த்த நொதிகளும் அழியும். நுரை ஒதுங்கியதும் துணியில் வடித்து, ஆறவிட்டுக் குப்பியில் ஊற்றுகிறார்கள்.

நான் அதிகநேரம் உட்கார்ந்திருந்தது தேன் நெல்லிக்குப் பக்கத்தில். கடையில் விற்கும் தேன் நெல்லி பலவும் சீனிப்பாகில் ஊறியவை, பெயருக்குத்தான் தேன். இங்கே பெரிய நெல்லிக்காயைக் கழுவித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்கிறார்கள். ஆவியில், சுளை விலகும் அளவுக்கு மட்டும் வேகவைக்கிறார்கள். கொட்டையை எடுத்துவிட்டு, வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் வைக்கிறார்கள். சுளையின் மேல் ஈரம் கையில் ஒட்டாத பதம் வந்ததும் குப்பியில் போட்டு, மூழ்கும்வரை தேன் விட்டு, வாயைத் துணியால் கட்டுகிறார்கள்.

நாலைந்து நாளில் தேன் நீர்த்துவிடும். அடர்ந்த தேன் காய்க்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துக்கொள்ளும், காய் தேனை உள்ளே வாங்கும். பலரும் இதோடு முடிந்தது என்று மூடிவைத்துவிடுகிறார்கள். அந்த அம்மா நீர்த்த தேனை வடித்துவிட்டு, சுளைகளை மறுபடி வெயிலில் காட்டிப் புதுத் தேன் விட்டார். தேன் கெட்டியாகவே நிற்கும்வரை இப்படி மாற்றுவாராம். வடித்த தேனும் வீணாவதில்லை. சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு வற்றவைத்து, அதை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சர்பத்துக்கு வைத்துக்கொள்கிறார். இஞ்சிக்கும் இதே முறைதான். நார் முற்றாத இஞ்சியைத் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக அரிந்து, ஒரு நாள் நிழலில் உலர்த்திப் போடுகிறார்கள்.

மூலையில் தனியாக ஒரு குப்பி இருந்தது. மேலே சிறு குமிழிகள். "மோந்து பாருங்க மக்களே" என்று திறந்து நீட்டினார். கள் வாசம். ஈரக் கரண்டி பட்டிருக்கும் என்றார். தேனில் எப்போதும் ஈஸ்ட் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நீர் குறைவாக இருக்கும்வரை அதனால் பெருக முடியாது. ஒரு கரண்டி ஈரம் போதும் அதை எழுப்ப. விற்பனைக்கு வைத்த குப்பிகளுக்குப் பக்கத்தில்கூட அதை வைக்க அவர் சம்மதிக்கவில்லை.

மருந்துக்கு வருபவர்களும் உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் தனித்தனியே இளவறுப்பாக வறுத்து, சம அளவு இடித்துச் சலித்து வைத்திருக்கிறார். சித்த மருத்துவத்தின் திரிகடுகம். ஒரு சிட்டிகைப் பொடியை ஒரு தேக்கரண்டி தேனில் குழைத்து நக்கச் சொல்கிறார். பிள்ளைகளுக்கு எரியும் என்பதால் துளசிச் சாறு, இல்லாவிட்டால் கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்த சாறு. இவையெல்லாம் வெறும் பாட்டி நம்பிக்கை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் செய்த ஆய்வு ஒன்று, இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் படுக்கும் முன் கொடுத்த ஒரு வேளைத் தேன், எதுவும் கொடுக்காததைவிட இரவு இருமலை நன்றாகக் குறைத்ததைக் காட்டியது. அதே சமயம், தேனால் சர்க்கரை நோய் போகும் என்பவர்களை நம்பவே கூடாது. தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரைதான்.

நான் இருக்கும்போதே ஒரு பெண் வந்து, பேரக்குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கக் கொஞ்சம் சிறுதேன் கேட்டார். கொசுத்தேனீயின் தேன் இங்கே மருந்துக்கென்று போற்றப்படுவது, விலையும் பல மடங்கு. அந்த அம்மா கொடுக்கவில்லை.

"ஒரு வயசு திகையட்டும். அதுக்கு முந்தி நாக்குல தொடவே படாது."

"எங்க அம்மையெல்லாம் வச்சவியதான?"

"வச்சாவ. எல்லாப் பிள்ளையளும் பிழைச்சுதா?"

அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. அவர் செய்தது முழுக்கச் சரி. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் சுத்தமான தேனிலும் இருக்கலாம். வளர்ந்தவர் குடலில் அவை முளைக்காது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும், உடல் தளர்ந்து மூச்சே நிற்கலாம். இளஞ்சூட்டில் அந்த வித்துகள் சாவதில்லை. பெயர் சூட்டும் வீட்டிலும் தொட்டில் போடும் வீட்டிலும் ஒருவராவது இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

சுத்தத் தேனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் அவர்கள் கையசைத்து ஒதுக்கினார்கள். கெட்டியான பாகு இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிவிடும். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020இல் 13 பிராண்டுகளின் தேனைப் பரிசோதித்தபோது எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே. வழக்கமான ஆய்வகச் சோதனைகளுக்கே தப்பும்படி சர்க்கரைப் பாகு தயாராகும் காலத்தில், சமையலறைத் தீக்குச்சி என்ன செய்யும்? எடுப்பவரைத் தெரிந்து வாங்குவதுதான் வழி.

ஆனால் வாங்குபவர்களின் அறியாமையும் இவர்களை வாட்டுகிறது. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். அதிலுள்ள குளுக்கோஸ் அடியில் வெள்ளை மணிகளாகப் படியும். வெளியூர்க் கடை ஒன்று, சீனி கலந்திருக்கிறது என்று சொல்லி ஒரு பெட்டி நிறையக் குப்பிகளைத் திருப்பி அனுப்பியிருந்தது. பெண்கள் அவற்றை வெந்நீர் அண்டாவில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரத்தில் மணிகள் கரைந்து தேன் தெளிந்தது. அதே குப்பிகளை, உறைந்தால் வெந்நீரில் வைக்கவும் என்று எழுதிய சீட்டை ஒட்டி, வேறொரு கடைக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். சீட்டை எழுதித் தரச் சொன்னபோது சந்தோசமாக எழுதிக்கொடுத்தேன். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தரக் கூடாது என்பதை முதல் வரியாக வைக்கச் சொன்னது அந்த அம்மாதான்.