மழைத்தண்ணி எங்க போகுது?

கம்பஸ் லீவில பேர்மாகல்ச்சர் படிக்க ஆரோவில்லுக்குப் போறன் எண்டதும், “தோட்டம் செய்யப் பழகவோ இந்தியாக்குப் போறாய்?” எண்டு அம்மம்மா கேட்டா.

பேர்மாகல்ச்சர், ஒஸ்ரேலியர்களான பில் மொலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் 1978இல் எழுதிய புத்தகத்தோடு பரவிய சொல். நிலத்தின் போக்கைப் பார்த்து வாழ்வைத் திட்டமிடுவதுதான் அதன் சாரம்.

1968இல் ஆரோவில் தொடங்கியபோது அது வெறும் செம்மண் மேடு. மாரிமழை மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோனது. வந்தவர்கள் வரம்பு கட்டி, குளம் வெட்டி மழையை மறித்தார்கள், மரம் நட்டார்கள். இன்று அங்கே காடு நிற்கிறது. மழைக்குள் இறங்கி, தண்ணி எந்தப் பக்கம் ஓடுதெண்டு பார்க்க அங்கதான் பழகினன்.

யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிற மழைதான் எங்கட கிணத்துத் தண்ணி. நாங்களோ முற்றத்துக்குச் சீமெந்து போட்டு, அந்த மழையை ரோட்டுக்கு விடுறம்.

எங்கட முற்றத்துக்கும் சீமெந்து போடோணுமெண்டு அப்பா நிக்கிறார். கூட்டுறது லேசாம். அம்மாவின்ர நாரிநோவும் உண்மைதான். “பாதியையாவது மண்ணா விடுங்கோ, கம்பஸ் போக முதல் நான் கூட்டுறன்” எண்டு கேட்டிருக்கிறன். இன்னும் பதில் வரேல்ல. ஐப்பசியில் மாரி தொடங்கிடும்.