சொந்தப் படையே பகையானால்...

அந்தத் துண்டுப் பிரசுரம் நாளை உங்கள் வீட்டுக்கும் வரக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் வாழும் என் தங்கையின் மகளுக்கு வயது 16. லூபஸ் என்னும் நோய். கிருமிகளோடு போரிட வேண்டிய நோயெதிர்ப்புப் படை, காக்க வேண்டிய உடலையே பகையெனக் கருதி மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. மூன்றாண்டு காலமாக மாத்திரையும் ரத்தப் பரிசோதனையுமே வாழ்க்கை. நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் மைத்துனர் விழுப்புரம் வந்தார். நான்கு ஸ்டெம் செல் ஊசிகளில் எதிர்ப்புச் சக்தி சீராகிவிடும் என்றது அவர் கையிலிருந்த காகிதம். கட்டணம் நான்கு லட்சம். மகளின் நிக்காஹ்வுக்கென ஒதுக்கிய மனைக்கட்டுக்கு விலை பேசிவிட்டே வந்திருந்தார்.

ஊசியின் கதை முழுப் பொய்யன்று, அதுதான் சிக்கல். மஜ்ஜையிலுள்ள ஒருவகை ஸ்டெம் செல்கள், வெறிகொண்ட வெள்ளணுக்களை அடக்கும் பொருட்களைச் சுரக்கின்றன. பிறர் மஜ்ஜையைப் பெற்ற நோயாளியின் உடலை அந்தப் புதிய அணுக்களே தாக்குவதுண்டு. சுவீடனில் அவ்வாறு உயிருக்குப் போராடிய ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவன் தாயின் செல்களைச் செலுத்தியதில் நோய் தணிந்தது. காத்தரினா லே பிளாங்க் குழுவினர் 2004இல் இதை வெளியிட்டனர். அதே கோளாறுக்காக, ஸ்டீராய்டுக்கு அடங்காத குழந்தைகளுக்கு, 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு இவ்வகை மருந்தொன்றை அனுமதித்தது. ஆனால் அது லூபஸ் அன்று! சிறுநீரக லூபஸ் உடைய 18 பேரிடம் சீனாவில் நடந்து 2017இல் வெளியான சிற்றாய்வில், மருந்தற்ற ஊசி பெற்றவர்களைவிடச் செல் பெற்றவர்கள் கூடுதல் பயன் அடைந்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டு நிலை என்ன? வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடைபெறும் மஜ்ஜை மாற்றம் போன்ற ரத்த நோய்ச் சிகிச்சைகள் அங்கீகாரம் பெற்றவை. மற்றவற்றை, அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி நெறி. ஆய்வென்றால் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் இருக்க வேண்டும். நோயாளியிடம் அதற்குப் பணம் கேட்கலாகாது. (தொப்புள்கொடி ரத்த வங்கிகளின் விளம்பரங்களைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது.)

"அந்த எண்ணைக் கேளுங்கள் மச்சான்" என்றேன்.

"பிள்ளை வலியில் துடிக்கிறாள், உங்களுக்கு எண்ணா பெரிது?" என்று சீறினார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. இரவெல்லாம் அவள் முனகலைக் கேட்பவர் அவரல்லவா!

ஆயினும் என் எதிரிலேயே தொலைபேசியில் கேட்டார். "நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்பதே மறுமொழி. மூன்று முறை கேட்டும் எண் வரவில்லை.

மனைக்கட்டு விற்கப்படவில்லை. நோயெதிர்ப்புக் கோளாறுகளுக்கெனத் தனித்துறை உள்ள புதுவை ஜிப்மருக்கு மருமகள் இப்போது சென்று வருகிறாள். வலி முற்றும் நீங்கவில்லை. காலையில் விரல்களை மடக்கச் சிறிது நேரம் பிடிக்கிறது. மைத்துனருக்கு என் மீதுள்ள மனத்தாங்கலும் அப்படியே இருக்கிறது.