கிழட்டு மாசிக்குக் கை முளைத்த கதை

எங்கள் வீட்டு டிராக்டர் என்னைவிட ஏழு வயது பெரியது. 1997-ல் தாத்தா வாங்கிய மாசி பெர்குசன் 1035. மூன்று சிலிண்டர், 36 எச்.பி. தாத்தா போய்விட்டார், டிராக்டர் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு லோடர் மாட்ட வேண்டும் என்று அப்பா சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. "நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற?" என்றார். நான்கு வருடத்தில் என் படிப்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

சூளகிரி பக்கம் எங்கள் நிலம். தக்காளி, கோஸ், கொஞ்சம் ராகி, ஐந்து மாடு. வருடத்துக்கு இரண்டு முறை குப்பை அடிக்க வேண்டும் (தொழு உரம் என்பது புத்தகத்தில் மட்டும், எங்களுக்கு அது குப்பைதான்). முன்பு ஆறு பேர் கூடை தூக்கி இரண்டு நாளில் டிரெய்லர் டிரெய்லராக ஏற்றி முடிப்பார்கள். இப்போது விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து எல்லோரையும் ஓசூருக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு பெண்களும் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாதச் சம்பளம், பி.எஃப்., மதியச் சாப்பாடு. குப்பைக் கூடைக்கு யார் வருவார்கள்? கடைசியில் போன வருடம் அப்பாவும் அம்மாவும் நானும் தான் ஏற்றினோம். மூன்றாம் நாள் அப்பாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

ஜேசிபி கூப்பிடலாமே என்பீர்கள். மணிக்கணக்கில் வாடகை, அதிலும் குறைந்தது இத்தனை மணி நேரம் என்று பேசித்தான் வருவார்கள். எங்கள் மாட்டுக்கொட்டகைச் சந்துக்குள் அது நுழையவும் நுழையாது.

புது லோடர் விலை விசாரித்தோம். பெரும்பாலும் 45, 50 எச்.பி. வண்டிகளை மனதில் வைத்துச் செய்தவை. விலையும் எங்கள் வண்டியின் இன்றைய மதிப்பை எட்டிப் பிடிக்கும் போலிருந்தது. கடைசியில் அத்திப்பள்ளி தாண்டி ஒரு பழைய இரும்புக்கடையில் ஒன்று கிடந்தது. வேறு ஏதோ டிராக்டரில் இருந்து கழற்றியது. கை இரண்டும் நேராக இருந்தன, பக்கெட்டின் அடி மட்டும் துருப்பிடித்து ஓட்டை. கடைக்காரர் கன்னடத்தில் விலை சொல்ல, அப்பா தெலுங்கில் குறைக்க, நான் நடுவில் தமிழில் "அவ்ளோவா?" என்று முழிக்க, ஒரு மணி நேரத்தில் பேரம் முடிந்தது. எங்கள் பக்கத்தில் எந்த வியாபாரமும் இப்படித்தான், மூன்று மொழி இல்லாமல் முடியாது :)

அதை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கதையே ஆரம்பம்.

முதல் சிக்கல், எங்கே மாட்டுவது? லாரிக்கு சேஸிஸ் இருக்கிறது, டிராக்டருக்கு அப்படி ஒன்று இல்லை. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாம் ஒன்றோடொன்று போல்டு போட்டு, அதுவே வண்டியின் முதுகெலும்பு. 1917-ல் ஃபோர்ட்சன் டிராக்டரில் ஹென்றி ஃபோர்டு பிரபலமாக்கிய அமைப்பு இது. மலிவு, இலகு. ஆனால் லோடர் குப்பைக் குவியலில் போய் முட்டும்போது அந்த விசை முழுவதும் எஞ்சின் பக்கத்து வார்ப்பிரும்பிலும் நாலு போல்டிலும் இறங்கினால் என்ன ஆகும்? விரிசல் விடும். அதனால் இரண்டு பக்கமும் முன் ஆக்ஸில் தாங்கியிலிருந்து பின் ஆக்ஸில் கூடு வரை நீளமாக ஒரு இரும்புச் சட்டம் ஓடவேண்டும். தள்ளும் விசை பின் சக்கரத்துக்கே போய்விடும். பட்டறை அண்ணா முதலில் "எதுக்கு சார் இவ்ளோ இரும்பு?" என்றார். வரைந்து காட்டியதும் ஒத்துக்கொண்டார். (என்னை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள்.)

இரண்டாவது, ஹைட்ராலிக். இதில்தான் நான் அசடு வழிந்தேன். பின்னால் கலப்பையைத் தூக்கும் பம்பு இருக்கிறதே, அதிலிருந்தே ஒரு ஹோஸ் இழுத்துவிடலாம் என்று அப்பாவிடம் ஜம்பமாகச் சொல்லியிருந்தேன். எங்கள் வண்டி 1950-களின் பெர்குசன் 35 வழிவந்தது. ஹாரி பெர்குசனின் அமைப்பில் அந்தப் பம்பு பின்பக்க எண்ணெய்க்குள் மூழ்கி, பி.டி.ஓ. தண்டில் சுற்றுகிறது. எங்களுடையது சிங்கிள் கிளட்ச். கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ. நிற்கும், பம்பும் நிற்கும். உழும்போது இது ஒரு பொருட்டே இல்லை. லோடர் வேலையோ முன்னால் போ, பின்னால் வா, நிமிடத்துக்கு நாலு முறை கிளட்ச். ஒவ்வொரு மிதிக்கும் பக்கெட் பாதியில் நின்றுவிடும்.

ஆகவே முன்னால் கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் போட்டு ஓட்டும் தனி கியர் பம்பு. அதற்குத் தனி எண்ணெய்த் தொட்டி, தனி வால்வு. பஸ் ஏறி பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். கணக்கு சுலபம்தான்: 5 செ.மீ. விட்டமுள்ள இரண்டு சிலிண்டர், 60 செ.மீ. நகர்வு, மொத்தம் 2.4 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிமிடத்துக்கு 16 லிட்டர் பம்பானால் தூக்க 9 விநாடி, 30 லிட்டரானால் 5 விநாடிக்குள். அப்பா 30 கேட்டார். நான் 16 வாங்கிவந்தேன். வேகம் குறைவாக இருப்பதே நல்லது என்று பட்டது. பெல்ட் பக்கவாட்டில் இழுத்தால் கியர் பம்பின் பேரிங் சீக்கிரம் போய்விடும் என்பதால், புல்லிக்குத் தனியாக ஒரு பேரிங் தாங்கி லேத்தில் கடைந்து போட்டோம். இதற்கு மட்டும் நான்கு ஞாயிறு ஆனது.

மூன்றாவது சிக்கலை நான் பேப்பரில் போட்டு வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி சுமார் 1.83 மீட்டர். பக்கெட்டில் 300 கிலோ, முன்னச்சுக்கு 1.4 மீட்டர் முன்னால். சீசா கணக்குத்தான்: பின் சக்கரத்திலிருந்து 230 கிலோ கழிகிறது, முன்னச்சில் 530 கிலோ கூடுகிறது. நாம் ஏற்றியது 300, முன்னச்சு சுமப்பது 530! "பின்பாரம் கட்டாம தூக்கக் கூடாதுப்பா" என்றேன். "டேய், பேப்பர்லயா குப்பை அள்ளப் போற?" என்றார்.

முதல் நாள். ஈரக் குப்பை, பக்கெட் நிறைய. தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு டிரெய்லர் பக்கம் திருப்பினார். அந்த இடத்தில் ஒரு சின்னச் சரிவு, பத்து வருடமாக யாரும் கவனிக்காத சரிவு. வலது பின் சக்கரம் மெதுவாகத் தரையை விட்டு எழுந்தது. சத்தமே இல்லை. ஒரு ஜாண் இருக்கும். அம்மாதான் முதலில் பார்த்தாள், கத்தக்கூட இல்லை, கையை மட்டும் நீட்டினாள். அப்பா லீவரைத் தள்ளினார். பக்கெட் இறங்க இறங்கச் சக்கரமும் இறங்கித் தரையில் உட்கார்ந்தது. எங்கள் வண்டியில் கவிழ்ந்தால் காக்கும் கம்பிச் சட்டமும் கிடையாது. சுவீடனில் புது டிராக்டர்களுக்கு 1959-லேயே அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

ஏன் அப்படி ஆனது என்று அன்று ராத்திரி அவரே கேட்டார். முன்னச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடுகிறது, அதனால் வண்டி நாலு கால் மேசை இல்லை, முக்காலி. இரண்டு பின் சக்கரம், முன்னால் அந்த ஒரு பின். பாரம் உயரே போய் முன்னால் வர வர, முக்காலியின் ஒல்லியான முனைக்குப் போகிறது. தட்டில் உப்பு, மிளகாய் வைத்துக் காட்டினேன். அவர் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் 200 லிட்டர் டிரம் ஒன்றில் பாதி கான்கிரீட் கொட்டினோம், அதுவே 240 கிலோ. கலப்பை மாட்டும் பின் கைகளில் மாட்டியாயிற்று. பக்கெட்டின் இரண்டு ஓரத்தையும் வெட்டிச் சின்னதாக்கினோம். அதுதான் அப்பாவுக்கு வலித்தது, காசு கொடுத்து வாங்கிய இரும்பு. நகரும்போது முழங்கால் உயரத்துக்கு மேல் பக்கெட் போகக்கூடாது, டிரெய்லர் பக்கத்தில் சமதளத்தில் நின்ற பிறகுதான் தூக்கவேண்டும். லோடர் மாட்டியபடி ரோட்டுக்கும் போவதில்லை. ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் பின்னைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டுத்தான் சந்தைக்குக் கிளம்புகிறோம்.

இந்த முறை குப்பை நான்கு நாளில் முடிந்தது. ஆறு பேர் இரண்டு நாளில் செய்தது. லாபமா என்று கேட்காதீர்கள், அப்பா ஐந்தாம் நாள் நடந்துபோய்ப் பால் ஊற்றிவிட்டு வந்தார்.

பவர் ஸ்டீயரிங் இல்லாததால் பாரத்தோடு திருப்பத் தோள் வலிக்கிறது. கிங் பின் புஷ் இரண்டும் அதற்குள் ஆட ஆரம்பித்துவிட்டன. வருகிற ஞாயிறு கழற்றப் போகிறோம். பாரி, செந்தில், யாராவது சும்மா இருந்தால் ஒரு நல்ல ஜாக்கியோடு வாருங்கள், அம்மா ராகிக் களி கிண்டுவாள்.