ஊக்கு, காந்தம், நெயில் பாலிஷ்

போன மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் காலனி இரவுப் பாடசாலையில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் பட்டறை நடத்தினோம். நாங்கள் நான்கு பேர். ஒருவர்கூட இயற்பியல் படித்தவரில்லை.

பள்ளி ஆய்வகத்தில் என்னென்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண் சொன்னாள்: "பெருக்கியிருக்கோம்ணா." மற்றவர்கள் சிரித்தார்கள். எங்களால் முடியவில்லை. சோதனையின்போது மேசையை ஒட்டி ஊர்த்தெருப் பிள்ளைகள், பின்னால் எட்டிப் பார்ப்பது காலனிப் பிள்ளைகள். தொடாதே என்று யாரும் சொல்வதில்லை. சொல்லவேண்டிய தேவை இல்லாதபடி சாதி பழக்கிவைத்திருக்கிறது.

அதனால் ஒரே விதி வைத்தோம்: நாங்கள் எதையும் செய்து காட்டமாட்டோம். ஆளுக்கொரு பேட்டரி, வட்டக் காந்தம், இரண்டு ஊக்கு, ஒரு மீட்டர் எனாமல் செம்புக் கம்பி. (மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர் மிச்சக் கம்பியைக் காசு வாங்காமல் கொடுத்தார்.) கம்பியைப் பத்துச் சுற்று சுற்றி வளையமாக்கி, முனைகளைச் சுரண்டி, பேட்டரியின் இருபுறமும் ரப்பர் பேண்டால் கட்டிய ஊக்குகளில் மாட்டினால் மோட்டார்.

அந்தப் பெண்ணின் வளையம் நடுங்கியதே தவிரச் சுற்றவில்லை. இரண்டு முனைகளையும் முழுசாகச் சுரண்டியிருந்தாள். "நல்லா கரண்ட் போகட்டும்னுதான்." நியாயமான யோசனைதான். ஆனால் மின்சாரம் நிற்காமல் போனால், வளையத்தை முதல் அரைச்சுற்று தள்ளும் விசையே அடுத்த அரைச்சுற்றில் எதிர்ப்பக்கம் இழுக்கும். ஒரு முனையில் பாதியை மட்டும் சுரண்டினால் அந்த நேரம் மின்சாரம் நிற்கும். வந்த வேகத்திலேயே வளையம் தாண்டிவிடும். சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டிருப்பது பெரிய பாடு. பக்கத்துப் பையன் சோம்பலில் ஒரு முனையில் மேல்பக்கம் மட்டும் சுரண்டியிருந்தான், அவனுடையது சுற்றியது. இரண்டையும் நெடுநேரம் ஒப்பிட்டாள். எழுந்து போய், பக்கத்து வீட்டு அக்காவிடம் நெயில் பாலிஷ் வாங்கிவந்து, ஒரு முனையில் பாதிக்குப் பூசிக் காயவைத்தாள். சுற்றியது. அது எங்களுக்குத் தோன்றாத வழி.

மேகநாத் சாகாவைப் பற்றியும் சொன்னோம். 1893இல் டாக்கா அருகே சிறு கடைக்காரர் வீட்டில் பிறந்து, கல்கத்தாவில் கல்லூரி விடுதியில் சாதியால் ஒதுக்கப்பட்டு, 1920இல் விண்மீன்களின் வெப்பத்தை அவற்றின் ஒளியிலிருந்து அறிய உதவும் சமன்பாட்டைத் தந்தவர். "நம்மாளாண்ணா?" என்றான் ஒருவன். சேரியில் பிறந்தவரில்லை, ஆனால் விடுதியில் தள்ளி உட்காரவைக்கப்பட்டவர் என்றோம்.

திங்களன்று அவள் மோட்டாரைப் பள்ளிக்கு எடுத்துப் போனாள். "யார் செஞ்சு குடுத்தது?" என்று ஆசிரியர் கேட்டாராம். அங்கேயே பிரித்துப் போட்டு மறுபடி மாட்டிக் காட்டியிருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு ஊசித்துளைக் கேமரா. செருப்புக் கடை அட்டைப்பெட்டி வைத்திருக்கும் தோழர்கள் கொண்டுவாருங்கள்.