ராட்டர்டாமில் ஒரு வீடு

ராட்டர்டாம் நகரின் மேற்கே ஸ்பாங்கன் என்னும் தொழிலாளர் பேட்டை உளது. அங்கு வீடு வாங்க விழைந்த தம்பியுடன் நாங்களும் சென்றோம். 1922-இல் முடிவுற்ற பிரிங்க்மனின் கட்டடத்தில் மேல்மாடியிலும் வீதி ஓடுகிறது! பால்காரர் அதிலேயே வண்டி தள்ளினராம். 2004-ஐ ஒட்டி, அப்பேட்டையில் பாழடைந்த வீடுகளைச் செப்பனிட்டுக் குடியிருப்போர்க்கு நகராட்சி இலவசமாகவே ஈந்தது.

தம்பி பார்த்த வீடு எட்டும் விலைதான். ஆயினும் தரை சாய்ந்திருந்தது. பழைய வீடுகள் இங்கு மரத்தூண்கள் மீதன்றோ நிற்கின்றன! நிலத்தடி நீர் தாழ்ந்தால் தூண்தலை காற்றுப்பட்டு மக்கும். ஸ்லீப்பர் கட்டை மக்கக் கண்ட ரயில்வே குமாஸ்தாக்களுக்கு இது புரியாதா? கையொப்பமிட்ட பின்னும் விலக மூன்று நாள் அவகாசமுண்டு. மூன்றாம் நாள் தம்பி விலகினான். திரைச்சீலைக்கு எடுத்த அளவுத்தாளை மட்டும் அவன் மனைவி கிழிக்கவில்லை.